வரிச் சட்டப் பேராசிரியர் ஆவது எப்படி? சிங்கப்பூரில் உள்ள பாதைகள்

மாறன்_சிராங்கூன்

வணக்கம். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் எல்எல்பி முடித்து, வழக்கறிஞர் பதிவும் பெற்று, சட்ட நிறுவனம் ஒன்றின் வரிப் பிரிவில் வேலை பார்க்கிறேன். மதிப்பீட்டை எதிர்த்து சிங்கப்பூரின் வரித் துறையான ஐராஸுக்கு ஆட்சேபக் கடிதம் எழுதுவது, முதலீட்டு நிதிகளுக்கான வரிவிலக்கு, முத்திரைத் தீர்வைக் கேள்விகள் ஆகியவைதான் அன்றாட வேலை. வரிச் சட்டத்தைக் கற்பிப்பதையும் ஆராய்வதையும் முழுநேரத் தொழிலாக்கிக்கொள்ள விரும்புகிறேன்.

முனைவர் பட்டம் கட்டாயமா, எல்எல்எம் (சட்ட முதுநிலைப் பட்டம்) போதாதா? வெளிநாட்டில் படிப்பதென்றால் எங்கே போகலாம்? இங்கே ஆண்டுக்கு ஒருசில வரி வழக்குகள்தான் தீர்ப்பாகி வெளிவருகின்றன. இவ்வளவு சிறிய பரப்பில் எதை எழுதிப் பெயர் எடுப்பது? வகுப்பறைப் பக்கம் எப்படி இருக்கும் என்பதையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கலையரசி_ந

முதலில் இடங்களைப் பார்ப்போம். சிங்கப்பூரில் சட்டப் பள்ளிகள் மூன்று: தேசியப் பல்கலைக்கழகம், எஸ்எம்யுவின் (சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகம்) யோங் பங் ஹாவ் சட்டப் பள்ளி, எஸ்யுஎஸ்எஸ் (சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகம்). எஸ்யுஎஸ்எஸ் குற்றவியல் சட்டத்துக்கும் குடும்பச் சட்டத்துக்கும் முன்னுரிமை தருவதால் அங்கே வரிக்கு இடம் குறைவு. மற்ற இரண்டிலும் வரிச் சட்டம் விருப்பப் பாடம்தான். ஒரு பள்ளிக்கு ஓரிருவர் இருந்தால் போதும். அதனால் “வரிச் சட்ட விரிவுரையாளர் தேவை” என்று விளம்பரம் வரும் வரை காத்திருந்தால் காத்திருந்துகொண்டே இருக்க வேண்டியதுதான். கட்டாயப் பாடம் ஒன்றையும் நடத்தத் தெரிந்தவருக்கே கதவு திறக்கும். நிறுவனச் சட்டம், அறக்கட்டளைச் சட்டம், ஒப்பந்தச் சட்டம் இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். வரிக்காரருக்கு நன்றாகப் பொருந்துவது அறக்கட்டளைதான். குடும்ப அறக்கட்டளை, முதலீட்டு நிதி, சொத்து மாற்றம் எல்லாமே அங்கிருந்து கிளைப்பவை. கணக்கியல் பள்ளிகளிலும் வரிப் பாடம் உண்டு. அங்கே சட்டம் படித்தவர்களை வரவேற்கிறார்கள், ஆனால் சட்டக் கட்டுரைகளுக்கு அங்கு கிடைக்கும் மதிப்பு சற்று மாறுபடும்.

பதவிகளில் மூன்று தடங்கள் உண்டு. ஆராய்ச்சித் தடத்தில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்து, சுமார் ஆறு ஆண்டுகளில் நிரந்தரப் பதவிக்கான மதிப்பாய்வைச் சந்திக்க வேண்டும். கற்பித்தல் தடத்தில் ஆராய்ச்சிச் சுமை குறைவு, வகுப்புகள் அதிகம். மூன்றாவது, நீண்ட தொழில் அனுபவத்தோடு வருபவர்களுக்கானது. உங்கள் கேள்வியைப் பார்த்தால் முதல் தடம்தான் உங்களுக்கு.

அந்தத் தடத்துக்கு முனைவர் பட்டம் இன்று ஏறக்குறைய கட்டாயம். ஒரு காலத்தில் முதல் வகுப்பும் நல்ல எல்எல்எம்மும் போதுமாக இருந்தன. இப்போது அதே பதவிக்குப் பட்டமும் கட்டுரைகளும் கையில் உள்ளவர்கள் போட்டியிடுகிறார்கள். கல்வித்துறைக்கு வர நினைக்கும் சிங்கப்பூரர்களுக்கென்று தேசியப் பல்கலைக்கழகத்தில் ஷெரிடன் ஆய்வாளர் திட்டம் இருக்கிறது. சட்டத் துறையின் முதல் தலைவர் லயனல் ஷெரிடன் பெயரில் அமைந்தது. அதையும் பாருங்கள்.

எங்கே படிப்பது? நியூயார்க் பல்கலைக்கழகத்தின் வரி எல்எல்எம் புகழ்பெற்றது. ஆனால் அதில் பெரும்பகுதி அமெரிக்க உள்நாட்டு வரிச் சட்டத்தைப் பற்றியது. சிங்கப்பூர் ஆராய்ச்சிக்கு அதைவிட அவர்களுடைய பன்னாட்டு வரிப் படிப்பு பொருந்தும். லெய்டனும் வியன்னாவும் இரட்டை வரி ஒப்பந்தங்களில் ஆழமானவை. ஆக்ஸ்ஃபர்டின் வரிவிதிப்பு எம்எஸ்சி ஈராண்டுப் பகுதிநேரப் படிப்பு, வேலையை விடாமலே முடிக்கலாம். முனைவர் பட்டத்துக்கு மெல்பர்ன், சிட்னி, கேம்பிரிட்ஜ் ஆகியவற்றை யோசியுங்கள். நம் சட்டத்தின் பல விதிகளுக்கு ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, இங்கிலாந்து வழக்குகளே உறவுமுறை.

பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்த்துச் சேர்ந்துவிட்டு, மேற்பார்வையாளரை அப்புறம் தேடுவதுதான் பலரைக் கவிழ்க்கிறது. முதலில் ஆளைத் தேடுங்கள். கடந்த ஐந்தாண்டில் அவர் எழுதியவை என்ன, எத்தனை மாணவர்கள் அவரிடம் பட்டம் முடித்திருக்கிறார்கள், ஓய்வு பெறும் வயதா, நீண்ட விடுப்பில் போகிறாரா என்றெல்லாம் நேரடியாகக் கேட்டு எழுதலாம், தவறில்லை. 2,000 சொல்லுக்குள் ஓர் ஆய்வுத் திட்டத்தையும் சேர்த்து அனுப்புங்கள். திட்டத்தில் ஒரு கேள்வி இருக்க வேண்டும். “சிங்கப்பூரில் வரித் தவிர்ப்பு” என்பது தலைப்பு மட்டுமே. “வருமான வரிச் சட்டத்தில் வரித் தவிர்ப்பைத் தடுக்கும் 33-ஆம் பிரிவை விளக்கும்போது நாடாளுமன்றத்தின் நோக்கத்தை நீதிமன்றம் எங்கிருந்து எடுக்கிறது?” என்று கேட்டால் அது கேள்வி.

பிரிவு_33

எதை எழுதுவது என்பதை எடுத்துக்கொள்கிறேன். இந்தத் தொழிலில் நிற்பதும் விழுவதும் அதில்தான்.

வரிச் சட்டம் ஆண்டுதோறும் மாறுகிறது. பிப்ரவரியில் வரவுசெலவுத் திட்டம், ஆண்டின் நடுவில் திருத்த மசோதாவின் வரைவு மீது நிதியமைச்சின் பொதுக் கருத்துக்கேட்பு, பிற்பகுதியில் நாடாளுமன்றம். பொருள், சேவை வரி 2023-ல் 8 விழுக்காடு, 2024-ல் 9. எட்டு விழுக்காட்டை மையமாக வைத்து எழுதிய கட்டுரைக்கு ஆயுள் ஓராண்டு. நிரந்தரப் பதவிக்கான மதிப்பாய்வில் வெளிநாட்டுப் பேராசிரியர்கள்தான் உங்கள் எழுத்தைப் படித்துக் கடிதம் எழுதுவார்கள். சலுகைத் திட்டத்தின் நிபந்தனைகளை விவரிக்கும் கட்டுரை அவர்களுக்கு ஒன்றும் சொல்லாது. திருத்தம் வந்தாலும் சாகாத கேள்வியைத் தேர்ந்தெடுங்கள்.

அப்படிப்பட்ட கேள்விகள் இங்கே நிறைய இருக்கின்றன. மூலதன ஆதாயத்துக்கு வரி இல்லாத நாடு இது. அதனால் ஒரு தொகை வருமானமா மூலதனமா என்ற கோடு, மற்ற நாடுகளில் இல்லாத அளவுக்கு இங்கே சுமை தாங்குகிறது. 1 ஜனவரி 2024 முதல் நடப்பில் உள்ள, வருமான வரிச் சட்டத்தின் 10எல் பிரிவு, போதிய பொருளாதார நடவடிக்கை இங்கில்லாத குழும நிறுவனங்கள் வெளிநாட்டுச் சொத்தை விற்று இங்கே பெறும் ஆதாயத்தை வரிக்குள் கொண்டுவருகிறது. அந்தக் கோட்டை அது எவ்வளவு தூரம் நகர்த்தியிருக்கிறது? 2025 முதல் பெரிய பன்னாட்டுக் குழுமங்களுக்கு 15 விழுக்காடு குறைந்தபட்ச வரி வந்திருக்கிறது. ஆண்டு வருவாய் 750 மில்லியன் யூரோ என்பது அதற்கான வரம்பு. சலுகைகளால் முதலீட்டை ஈர்த்துவந்த நாட்டில் அந்தச் சலுகைகளின் சட்டப் பயன் இனி என்ன? ஒவ்வொன்றும் ஒரு புத்தகத்துக்கான கேள்வி.

33-ஆம் பிரிவை உதாரணமாக வைத்து, கட்டுரையைக் கட்டும் வரிசையைச் சொல்கிறேன்.

பிரிவின் பழைய வடிவங்களைத் திரட்டுவதுதான் தொடக்கம். சிங்கப்பூர்ச் சட்டங்களின் அரசாங்க இணையத்தளத்தில் ஒரு பிரிவு குறிப்பிட்ட தேதியில் எப்படி இருந்தது என்று பார்க்கும் வசதி உண்டு. அதற்கும் முந்தியவற்றுக்கு நூலகம்தான். இப்போதைய வடிவம் 1988 திருத்தத்தில் வந்தது. அந்த மசோதாவின் இரண்டாம் வாசிப்பு உரையை நாடாளுமன்றப் பதிவேட்டிலிருந்து எடுங்கள். சட்ட விளக்கச் சட்டத்தின் 9ஏ பிரிவு அத்தகைய உரையைப் பார்க்க அனுமதிக்கிறது. ஆனால் வார்த்தையின் பொருளை முதலில் கண்டு, சட்டத்தின் நோக்கத்தோடு ஒப்பிட்ட பிறகே உரைக்குப் போக வேண்டும். 2017-ல் டான் செங் போக் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் வகுத்த மூன்று படிகள் அதைத்தான் சொல்கின்றன. உரையிலிருந்து தொடங்கும் கட்டுரையை நல்ல மதிப்பீட்டாளர் முதல் பக்கத்திலேயே மடக்கிவிடுவார்.

அடுத்து 2014-ன் ஏக்யூக்யூ வழக்கு (வரி செலுத்துபவரின் பெயருக்குப் பதில் இட்ட எழுத்துகள்). அங்கே மேல்முறையீட்டு நீதிமன்றம் மூன்று கேள்விகளை வரிசைப்படுத்தியது. ஏற்பாடு 33(1)-க்குள் வருகிறதா, அதாவது வரியைத் தவிர்க்கும் அல்லது குறைக்கும் ஏற்பாடா? உண்மையான வணிகக் காரணத்துக்காக, வரிக் குறைப்பு முக்கிய நோக்கங்களில் ஒன்றாக இல்லாமல் செய்யப்பட்டதென்று 33(3)-ன் விலக்கைக் கோர முடியுமா? அதுவும் இல்லையென்றால், வரிப் பயன் சட்டத்தின் ஒரு குறிப்பிட்ட விதியை நாடாளுமன்றம் எண்ணிய எல்லைக்குள் பயன்படுத்தியதால் வந்ததென்று வரி செலுத்துபவர் காட்ட முடியுமா? இந்த மூன்றாவது கேள்வி சட்டத்தின் வாசகத்தில் இல்லை. நியூசிலாந்தின் அணுகுமுறையிலிருந்து நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. 33(3)-ஐப் போன்ற விலக்கு அங்கே அதே வடிவில் கிடையாது. விலக்கு எழுதப்பட்ட சட்டத்தில், விலக்கில்லாத சட்டத்துக்கான சோதனையையும் ஏற்றினால் இரண்டும் ஒன்றையொன்று எங்கே மோதுகின்றன? கட்டுரை அங்கேதான் பிறக்கிறது. அதோடு 2020-ல் உயர் நீதிமன்றம் தீர்த்த பல் மருத்துவர் வழக்கையும் சேருங்கள். தன் உழைப்பின் வருமானத்தைத் தன் நிறுவனத்துக்குத் திருப்பி, சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு லாப ஈவு பெறும் ஏற்பாடு அது. 33-ஆம் பிரிவு பொருந்தும் என்று தீர்ப்பானது. சுயதொழில் செய்யும் மருத்துவர், முகவர் எல்லாரையும் தொடும் விஷயம் என்பதால், கருத்து நுட்பமானதானாலும் படிக்க ஆள் உண்டு.

பிறகு விளைவு. 2023 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து, வரித் தவிர்ப்பு என்று சரிசெய்யப்படும் வரித்தொகை மீது 50 விழுக்காடு கூடுதல் கட்டணம் விதிக்க 33ஏ பிரிவு வழிசெய்கிறது. முன்பு சரிசெய்தலோடு முடிந்தது, இப்போது தண்டனையின் சாயல் வந்துவிட்டது. அப்படியானால் எல்லைக்கோடு இவ்வளவு மங்கலாக இருக்கலாமா என்று கேட்க வாய்ப்பு இருக்கிறது. முத்திரைத் தீர்வைச் சட்டத்திலும் இணையான விதி உண்டு. தீர்வையைக் குறைக்க, வீட்டில் 99-க்கு 1 என்று பங்கு பிரித்து வாங்கியவர்களின் விவகாரத்தில் ஐராஸ் கையில் எடுத்தது அதைத்தான்.

கவனமானவர்களையும் சறுக்கவைக்கும் இடங்களைச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூர்ச் சட்டங்களின் 2020 திருத்தப் பதிப்பு 31 டிசம்பர் 2021 அன்று நடப்புக்கு வந்தபோது பல பிரிவு எண்கள் மாறின. நிதிகளுக்கான விலக்கில் 13ஆர் இப்போது 13ஓ, 13எக்ஸ் இப்போது 13யூ. பழைய தீர்ப்பையும் புதிய சட்டத்தையும் ஒரே பத்தியில் மேற்கோள் காட்டும்போது இரண்டு எண்ணையும் எழுதுங்கள். ஐராஸின் மின்வரி வழிகாட்டிகள் சட்டம் அல்ல, துறையின் நிலைப்பாடு மட்டுமே. புதிய பதிப்பு வந்ததும் பழையது தளத்திலிருந்து போய்விடும், ஆகவே மேற்கோள் காட்டும் அன்றே தேதியோடு சேமித்துக்கொள்ளுங்கள். ரகசியக் காப்பு விதியால் பல வரி வழக்குகளில் பெயருக்குப் பதில் மூன்றெழுத்துதான் இருக்கும், வணிக விவரமும் வடிகட்டியே வரும். தீர்ப்பில் இல்லாத உண்மையை ஊகித்து அதன்மேல் வாதம் கட்டாதீர்கள்.

அளவு: வழக்குக் குறிப்பு 4,000 சொல் அளவில், முழுக் கட்டுரை 10,000 முதல் 12,000 வரை. தேசியப் பல்கலைக்கழகத்தின் சிங்கப்பூர் ஜர்னல் ஆஃப் லீகல் ஸ்டடீஸ், சட்டக் கழகத்தின் ஜர்னல் இரண்டும் உள்ளூரில் முதன்மை. வெளியே பிரிட்டிஷ் டாக்ஸ் ரிவியூ, வேர்ல்டு டாக்ஸ் ஜர்னல், ஆஸ்திரேலியன் டாக்ஸ் ஃபோரம். சக மதிப்பீட்டு இதழ்களில் ஒரே நேரத்தில் ஒன்றுக்குத்தான் அனுப்ப வேண்டும். மாணவர்கள் நடத்தும் அமெரிக்கச் சட்ட இதழ்களின் வழக்கம் வேறு, அங்கே பலவற்றுக்கு ஒன்றாக அனுப்பலாம்.

மாறன்_சிராங்கூன்

இருவருக்கும் மிக்க நன்றி. 33(3) பற்றிச் சொன்னதை இன்றே குறித்துக்கொண்டேன். ஒரு சந்தேகம். நிறுவனத்தில் கையாளும் விவகாரங்களில் நல்ல கேள்விகள் எழுகின்றன. பெயரை எடுத்துவிட்டு அவற்றை வைத்து எழுதலாமா?

கலையரசி_ந

கூடாது, மாறன். சிங்கப்பூர் சிறிய ஊர். தொழில், தொகை, ஆண்டு மூன்றும் இருந்தால் பெயர் இல்லாமலே ஆள் தெரிந்துவிடும். வாடிக்கையாளர் ரகசியம் வேலையை விட்ட பிறகும் உங்களைக் கட்டும். கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், உண்மைகளைக் கற்பனையாக அமைத்துக்கொள்ளுங்கள். நிறுவனம் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கும் விஷயமாக இருந்தால், பங்குதாரரின் ஒப்புதல் இல்லாமல் தொடவே வேண்டாம். நீங்கள் எழுதியதை எதிர்த்தரப்பு உங்கள் நிறுவனத்துக்கே எதிராக மேற்கோள் காட்டலாம். முடிந்த வழக்கில் உங்கள் நிறுவனம் வாதாடியிருந்தால் முதல் அடிக்குறிப்பிலேயே அதைச் சொல்லிவிடுங்கள்.

வகுப்பறை_வாசன்

கற்பித்தலைப் பற்றி நான் சொல்கிறேன்.

தேசியப் பல்கலைக்கழகத்தில் ஒரு பருவம் 13 வாரம், நடுவில் ஒரு வார இடைவேளை. வரிப் பாடத்தை ஜனவரிப் பருவத்தில் நடத்தினால் வரவுசெலவுத் திட்டம் சரியாகப் பாதியில் வந்து விழும். ஆகவே “இந்தப் பாடத்துக்கும் தேர்வுக்கும் சட்டம் இந்தத் தேதியில் உள்ளபடி” என்று முதல் வாரமே எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். கொடுக்காவிட்டால் தேர்வில் பாதிப் பேர் பழைய விதியிலும் மீதிப் பேர் அறிவிப்பை நம்பியும் எழுதுவார்கள். அறிவிப்பு இன்னும் சட்டமாகவில்லை என்பதே அவர்களுக்கு உறைக்காது.

முதல் இரண்டு வாரம் சட்டத்தைப் படிக்கப் பழக்குவதற்கே வேண்டும். வருமான வரிச் சட்டத்தின் ஒரு துணைப்பிரிவில் அரைப் பக்க வாக்கியம் இருக்கும், விலக்குக்குள் விலக்கு இருக்கும். மாணவர்கள் தாளில் அச்செடுத்து வரட்டும். எந்தெந்த வருமானத்துக்கு வரி என்று சொல்லும் 10(1)-ஐ ஒருவர் உரக்கப் படிக்க, எது வினை, எது நிபந்தனை, எந்தச் சொல்லுக்கு வேறிடத்தில் வரையறை இருக்கிறது என்று அடையாளமிட வையுங்கள். மதிப்பீட்டு ஆண்டுக் குழப்பத்தையும் அப்போதே தீர்த்துவிடுங்கள். 2026-ல் ஈட்டியது 2027 மதிப்பீட்டு ஆண்டுக்குப் போகும். ஆறாவது வாரத்திலும் இதில் தடுமாறுபவர்கள் உண்டு.

நல்ல கணக்குக் கேள்வி எப்படி இருக்கும் என்பதற்கு ஒன்று. சிங்கப்பூரர் ஒருவர் சம்பளக்காரர். வேறு வீடு இல்லை. ஆகஸ்ட் 2025-ல் தனியார் அடுக்குமாடி வீட்டை 1,200,000 வெள்ளிக்கு வாங்குகிறார். வாங்குபவர் முத்திரைத் தீர்வை 32,600. புதுப்பிக்க 80,000 செலவழித்து, அக்டோபர் 2026-ல் 1,450,000-க்கு விற்கிறார். மேலோட்டமாகப் பார்த்தால் 170,000 ஆதாயம். மாணவர்கள் உடனே வணிகத்தின் அடையாளங்களுக்கு ஓடுவார்கள். 1955-ன் பிரிட்டிஷ் அரச ஆணையம் பட்டியலிட்ட ஆறும் வரும்: பொருளின் தன்மை, வைத்திருந்த காலம், எத்தனை முறை, மெருகேற்றிய வேலை, விற்ற காரணம், நோக்கம். ஐராஸ் வணிகம் என்று வாதிடும், விற்றவர் மூலதனம் என்பார் என்று எழுதி முடித்துவிடுவார்கள்.

ஆனால் 4 ஜூலை 2025 முதல் வாங்கிய வீட்டை நான்காண்டுக்குள் விற்றால் விற்பவர் முத்திரைத் தீர்வை உண்டு. இரண்டாம் ஆண்டில் 12 விழுக்காடு, அதாவது 174,000. வாங்கியபோது கட்டிய 32,600-ஐயும் சேர்த்தால் கையில் மிஞ்சுவது 36,600 நட்டம். இப்போது தரப்புகள் இடம் மாறுகின்றன. வணிகம் என்று ஆனால் அந்த நட்டத்தை 37-ஆம் பிரிவின்படி சம்பள வருமானத்தோடு கழித்துக்கொள்ள விற்றவர் விரும்புவார். மூலதனம் என்று சொல்ல வேண்டிய நிலை ஐராஸுக்கு வரும். அதற்குப் பிறகுதான் உண்மையான கேள்வி: இரண்டு தீர்வைகளும் 14(1)-ன்படி வருமானம் ஈட்டுவதற்காகவே முற்றிலும் ஏற்பட்ட செலவா, புதுப்பிப்புச் செலவை 15-ஆம் பிரிவு தடுக்கிறதா? நான்காண்டுக் காலவரம்பு முத்திரைத் தீர்வைக்கு மட்டுமே உரியது, வருமான வரியில் அது எதையும் தீர்மானிக்காது என்பதும் இதிலேயே விளங்கிவிடும். ஒரு மணி நேரம் நல்ல சண்டை நடக்கும். கேள்வி தயாரிக்கும்போது எண்களை இரண்டு தரப்புக்கும் போட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் வலுத்திருந்தால் அது நினைவாற்றல் தேர்வாகிவிடும்.

திறந்த புத்தகத் தேர்வுதான் சரி. வரி விகிதத்தை மனப்பாடம் செய்பவருக்கு மதிப்பெண் தரக் காரணமில்லை. எந்தப் பிரிவு, எந்தத் துணைப்பிரிவு, மெய்ப்பிக்கும் சுமை யாருக்கு என்று எழுதியவருக்குத் தாருங்கள்.

பிரிவு_33

வாசன் சொன்ன கேள்வியை வழக்கறிஞர்களுக்கான பயிற்சியிலும் தாராளமாகப் பயன்படுத்தலாம். மாறன், வேலையில் இருந்துகொண்டே தொடங்கக்கூடியது இது. பகுதிநேர விரிவுரையாளராக ஒரு பருவம் எடுத்தால் கற்பித்தல் மதிப்பீடு கையில் இருக்கும். வரிக் கல்விக் கழகமும் தொழில்முறை அமைப்புகளும் நடத்தும் வகுப்புகளுக்கும் ஆள் தேவைப்படுகிறது. அவற்றை நிறைய செய்து, கட்டுரை ஒன்றும் இல்லாமல் வந்தால் ஆராய்ச்சித் தடத்தில் எடுபடாது என்பதை மட்டும் மனத்தில் வையுங்கள். நிதியமைச்சின் கருத்துக்கேட்புக்கு உங்கள் பெயரில் பதில் எழுதி அனுப்புங்கள். வரைவு மசோதாவை வரிவரியாகப் படிக்க அதைவிட நல்ல பயிற்சி இல்லை, அதிலிருந்தே ஒரு கட்டுரையும் கிடைக்கும்.

முழுநேரமாகச் சேர்ந்த பிறகு வெளிவேலைக்குப் பல்கலைக்கழகத்தின் அனுமதி வேண்டும். நிறுவனத்துக்குக் கருத்துரை எழுதிக் கொடுத்துவிட்டு அதே விஷயத்தில் நடுநிலையாளராகக் கட்டுரை எழுதுவது முறையல்ல. நீதிமன்றம் சில வழக்குகளில் கல்வியாளர்களைச் சுயேச்சை ஆலோசகராக நியமிக்கும்போது பார்ப்பதும் அந்த நடுநிலையைத்தான். வருமானம் சட்ட நிறுவனப் பங்குதாரருடையதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். வீட்டுக் கடன் இருந்தால் முனைவர் பட்ட ஆண்டுகளுக்கும் சேர்த்து இப்போதே கணக்குப் போடுங்கள், உதவித்தொகை சம்பளத்துக்கு ஈடாகாது.

கலையரசி_ந

காலவரிசையையும் சொல்லிவிடுகிறேன். அக்டோபரில் தொடங்கும் இங்கிலாந்து முனைவர் படிப்புகளுக்கு, உதவித்தொகையோடு சேர்த்து விண்ணப்பிக்க, முந்தைய டிசம்பர், ஜனவரியில் கெடு முடிந்துவிடும். மேற்பார்வையாளருக்கு முதல் மின்னஞ்சல் ஆகஸ்ட் அல்லது செப்டம்பரில் போக வேண்டும், அதற்குள் வழக்குக் குறிப்பு ஒன்று அச்சில் இருந்தால் நல்லது. பரிந்துரைக் கடிதம் மூன்று தேவைப்படலாம். அவற்றில் குறைந்தது இரண்டு உங்கள் எழுத்தைப் படித்த கல்வியாளர்களுடையவையாக இருக்கட்டும். நிறுவனப் பங்குதாரர் மூவர் எழுதினால், நல்ல வழக்கறிஞர் என்று மட்டுமே தேர்வுக்குழுவுக்குத் தெரியும். பழைய ஆசிரியரிடம் கேட்கும்போது உங்கள் ஆய்வுத் திட்டத்தையும் ஒரு கட்டுரையையும் குறைந்தது ஆறு வாரம் முன்னதாகக் கொடுத்துவிடுங்கள்.